கோட்டை டச்சுக்காரருடையது, ஊர் சீனருடையது: பத்தாவியாவின் முதல் நூற்றிருபது ஆண்டுகள்

கேள்வி இதுதான்: “தென்கிழக்கு ஆசியத் துறைமுக நகரங்களை டச்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் உருவாக்கினார்கள் என்றுதான் படித்திருக்கிறோம். சீனர்கள் அங்கே பின்னாளில் பிழைக்கப் போனவர்களா, இல்லை தொடக்கத்திலிருந்தே அவர்களுக்குப் பங்கு உண்டா? உண்டென்றால் ஏன் யாரும் பேசுவதில்லை? இன்றைக்கு அதற்கு ஏதாவது தடயம் இருக்கிறதா?”

பங்கு உண்டு. அதுவும் சின்னப் பங்கு இல்லை. கோட்டையும் பீரங்கியும் ஐரோப்பியருடையவை. ஆனால் கோட்டைக்கு வெளியே செங்கல் சுட்டது, வாய்க்கால் வெட்டியது, காய்கறி பயிரிட்டது, சாராயம் காய்ச்சியது, வரி வசூலித்துக் கொடுத்தது பெரும்பாலும் சீனர்கள். மணிலா, தைவான், பினாங்கு எல்லாவற்றிலும் இதே கதைதான் கொஞ்சம் கொஞ்சம் மாறி வருகிறது. எல்லாவற்றையும் ஒரே பதிலில் அடைத்தால் ஒன்றும் உருப்படியாக இருக்காது. அதனால் பத்தாவியாவை, அதாவது இன்றைய ஜகார்த்தாவை, முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்.

1619 மே 30ஆம் தேதி டச்சுக் கும்பினியின், அதாவது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின், கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்சோன் கூன், ஜயகார்த்தா என்ற சிறு துறைமுகத்தைப் பிடித்து எரித்துவிட்டு அதே இடத்தில் புது ஊர் போட்டார். அங்கே ஆற்றங்கரையில் சீனர்கள் ஏற்கனவே குடியிருந்தார்கள், சாராயம் காய்ச்சி விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குடியிருப்புக்குப் பக்கத்தில்தான் டச்சுக்காரர்களுக்கு முதலில் இடமே கிடைத்தது. முதலில் வந்து குடியேறியவர் யார் என்ற கேள்வியே இங்கே கொஞ்சம் தடுமாறுகிறது.

ஊரைப் பிடித்தாயிற்று, ஆனால் ஆள் இல்லை. ஹாலந்திலிருந்து நல்ல குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்ற வேண்டும் என்பது கூனின் கனவு. நல்ல குடும்பங்கள் எதற்கு இந்தக் கொசுக்காட்டுக்கு வரப்போகின்றன? வந்த சிப்பாய்களும் மாலுமிகளும் உடலுழைப்புக்கு வளையவில்லை, காய்ச்சலில் செத்தார்கள். பக்கத்து ஜாவாக்காரர்களைச் சேர்க்கவும் பயம். பாந்தென் அரசு ஒரு பக்கம் பகை, மத்தாராம் அரசு மறுபக்கம் பகை. 1628இலும் 1629இலும் மத்தாராமின் சுல்தான் அகுங் பெரும்படையோடு வந்து நகரை முற்றுகையிட்டார். இரண்டாம் முற்றுகையின்போதுதான் கூன் நகருக்குள்ளேயே நோய் கண்டு இறந்தார். ஆக, ஜாவாவில் கட்டிய நகரத்தில் ஜாவாக்காரனை நம்பிக் குடிவைக்க முடியாத நிலை.

மிச்சமிருந்தவர்கள் சீனர்கள். மேற்கே பாந்தெனில் மிளகு வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த சீனர் கூட்டம் ஒன்று இருந்தது. அவர்களை எப்படியாவது இழுக்கக் கூன் படாத பாடு பட்டார். அப்படி வந்தவர்களில் முக்கியமானவர் சோ பெங் கோங். பூஜியன் மாகாணத்தில் சியாமென் துறைமுகத்துக்கு அருகிலுள்ள தோங்ஆன் பகுதிக்காரர். 1619 அக்டோபரில், நகரம் பிறந்து ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில், கூன் அவரைச் சீனர்களின் ‘காப்பித்தான்’ ஆக்கினார். சீனர்களுக்குள் வரும் வழக்குகளை அவர்தான் தீர்ப்பார், வரியை அவர்தான் வாங்கித் தருவார். கும்பினிக்குச் சீன மொழியும் வேண்டாம், சீன வழக்கமும் வேண்டாம், கணக்கு வந்தால் போதும்.

1623இல் பதவி முடிந்து கிளம்பும்போது, சீனரைப்போல் நமக்குப் பயன்படும் மக்கள் வேறு யாரும் இல்லை என்று கூன் தனக்குப் பின்னால் வருபவருக்கு எழுதிவைத்தார். இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் இதன் மறுபாதியை விட்டுவிடுகிறார்கள். அதே கூன்தான் 1622இல் சீனக் கடற்கரைக்குக் கப்பல்களை அனுப்பி ஜங்க் எனப்படும் சீனப் பாய்மரக் கப்பல்களை மறித்து ஆட்களைப் பிடிக்கச் சொன்னவர். பிடிபட்டவர்களைச் சீனாவுக்கும் தைவானுக்கும் இடையிலுள்ள பெஸ்கடோர்ஸ் தீவுகளில் கோட்டை கட்ட வைத்தார்கள். எஞ்சியவர்களைப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். பட்டினியிலும் நோயிலும் பெரும்பாலோர் வழியிலேயே போய்ச் சேர்ந்தார்கள். விரும்பி வந்த வணிகரும் உண்டு, பிடித்துக் கொண்டுவரப்பட்டவரும் உண்டு. ‘புலம்பெயர்ந்தோர்’ என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த இரண்டாவது வகை மறைந்துபோகிறது.

சரி, அவர்கள் என்னதான் செய்தார்கள்? 1620லிருந்து ஆண்பிள்ளை ஒவ்வொருவரும் மாதம் ஒன்றரை ரியால் (ஸ்பானிய வெள்ளிக்காசு) தலைவரி கட்டினார்கள். நகரக் காவல், கோட்டை வேலை போன்ற கட்டாயப் பணிகளிலிருந்து விடுபட இது விலை. நகரச் சுவர் எழுப்பவும் வாய்க்கால் வெட்டவும் இந்தப் பணம்தான் உதவியது. இன்னொரு வேடிக்கை, அந்தச் சுவரையும் வாய்க்காலையும் குத்தகைக்கு எடுத்துக் கட்டியவர்களும் சீனர்களே. யான் கோன் என்று டச்சு ஆவணங்கள் அழைக்கும் ஒருவர் சோ பெங் கோங்கின் கூட்டாளி. மரம் சப்ளை, கட்டுமானம், வாய்க்கால் தோண்டல், சூதாட்டக் கூடத்தின் வரிக் குத்தகை என்று கைவைக்காத தொழிலே இல்லை. 1630களில் நகரம் ஆற்றின் மேற்குக் கரைக்கு விரிந்தபோது வேலையில் பெரும்பகுதி இவர் பொறுப்பு. 1639இல் இறந்தபோது கணக்கைப் பார்த்தால் கடன்தான் மிச்சம். கும்பினிக்கு வேலையை முன்னாலேயே முடித்துக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு நாயாய் அலைந்த காண்டிராக்டர்களின் நீண்ட வரிசையில் அவரும் ஒருவர் என்று எனக்குத் தோன்றும்.

குத்தகை முறையைக் கொஞ்சம் புரிந்துகொண்டால்தான் மற்றது விளங்கும். சந்தை வரி, எடைக்கூலி, அரிசி, சாராயம், சூதாட்டம் என ஒவ்வொன்றையும் வசூலிக்கும் உரிமையைக் கும்பினி ஆண்டுதோறும் ஏலம் விடும். எடுத்தவன் பணத்தைக் கட்டிவிட்டு, அதற்கு மேல் வருவதைத் தன் பையில் போட்டுக்கொள்வான். நம் ஊரில் சாராயக் குத்தகை, சந்தைக் குத்தகை பார்த்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. பத்தாவியாவில் இவற்றில் பெரும்பாலானவை சீனர் கையில் இருந்தன. நகரத்தின் வருமானம் அவர்கள் வழியாக வந்தது. அதே சமயம் ஏழை ஜாவாக்காரனும் விடுதலையான அடிமையும் சந்தையில் முதலில் பார்த்த வரி முகம் டச்சுக்காரனுடையதாக இல்லை, சீனனுடையதாக இருந்தது. இந்தக் கசப்பு எங்கே போய் முடிந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1648இல் மூன்றாவது காப்பித்தான் புவா பெங் கான் தன் செலவில் தெற்கே நேராக ஒரு வாய்க்கால் வெட்டினார். உள்காட்டு மரத்தை மிதக்கவிட்டு நகருக்குக் கொண்டுவருவதற்கு. போகும் படகுகளிடம் சுங்கம் வாங்கிக்கொள்ள அவருக்கு உரிமை தந்தார்கள். பின்னால் அதன் தண்ணீரில் ஆலைகள் ஓடியதால் மோலன்ஃபிலீட், அதாவது ஆலை வாய்க்கால் என்று பெயர் வந்தது. நகரம் தெற்கே வளர்ந்தது இந்த வாய்க்காலைப் பிடித்துக்கொண்டுதான்.

அப்புறம் சர்க்கரை. என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நடுத்தூணே இதுதான். 1710 வாக்கில் பத்தாவியாவைச் சுற்றி 130 கரும்பாலைகள் இருந்தன. உரிமையாளர்கள் 84 பேர். அதில் 79 பேர் சீனர், 4 பேர் டச்சுக்காரர், ஒருவர் ஜாவாக்காரர். சர்க்கரை ஜப்பானுக்கும் பாரசீகத்துக்கும் சூரத்துக்கும் ஐரோப்பாவுக்கும் போயிற்று.

ஓர் ஆலையைக் கிட்டே போய்ப் பார்த்தால் எப்படியிருக்கும்? கூரை வேய்ந்த பெரிய கொட்டகை. நடுவில் நிமிர்ந்து நிற்கும் இரண்டு உருளைகள், ஒன்றின் பற்கள் மற்றொன்றில் கவ்விச் சுற்றும். மேலே நீண்ட மரக்கழி, அதை இழுத்துச் சுற்றிவர மாடுகள். ஒருவன் கரும்பை உருளைகளுக்கிடையே கொடுப்பான், எதிர்ப்பக்கம் நிற்பவன் சக்கையை வாங்கி மறுபடி திருப்பிக் கொடுப்பான். சாறு சில மணி நேரத்தில் புளித்துவிடும் என்பதால் உடனே அடுப்புக்குப் போக வேண்டும். வரிசையாக இரும்புக் கொப்பரைகள், சீனாவிலிருந்து ஜங்க் கப்பலில் வந்தவை. சுண்ணாம்பு போட்டு அழுக்கெடுத்து, ஒரு கொப்பரையிலிருந்து அடுத்ததற்கு முகந்து ஊற்றிக்கொண்டே வருவார்கள். பாகுப் பதம் பார்க்கிறவன்தான் ஆலையின் ராஜா. ஒரு நொடி தவறினால் கொப்பரை முழுக்கக் கருகும். பதம் வந்ததும் அடியில் துளையுள்ள கூம்புப் பானைகளில் ஊற்றி, மேலே ஈரக் களிமண்ணை அப்பி வைப்பார்கள். மண்ணிலிருந்து நீர் மெல்ல இறங்கிக் கழிவுப்பாகைக் கழுவிக்கொண்டு கீழே போகும், மேலே வெள்ளைச் சர்க்கரை நிற்கும். கீழே வடிந்த பாகும் வீணாகாது, சாராயக்காரன் வாங்கிக்கொள்வான். பத்தாவியா அராக் ஐரோப்பியத் துறைமுகங்களில் பெயர்பெற்ற சரக்கானது இப்படித்தான்.

இதில் கரும்பு வெட்டுகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஜாவாக்காரர்கள். ஆலைக்குள் நுட்ப வேலை சீனர்களுக்கு. அடுப்புக்கு விறகு வேண்டும், விறகுக்காகக் காடு போயிற்று. காடு போனதும் ஆலைகள் இன்னும் உள்ளே நகர்ந்தன. மண் அரித்து ஆற்றில் இறங்கியது, வாய்க்கால்கள் தூர்ந்தன. ‘கீழ்த்திசையின் ராணி’ என்று பெயரெடுத்த நகரம் பின்னாளில் ஐரோப்பியரின் சுடுகாடு ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். சீனரின் உழைப்பைப் போற்றுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை.

ஆண்டுதோறும் வாடைக்காற்றோடு சியாமெனிலிருந்து ஜங்க் கப்பல்கள் வரும். தேயிலை, பீங்கான், பட்டு, காகிதம், குடை, இரும்புச் சட்டி, கூடவே வேலை தேடும் இளைஞர்கள். காற்று திரும்பியதும் மிளகோடும் வெள்ளிக்காசோடும் திரும்பிப் போகும். சீனாவோடு நிலையான நேரடி வியாபாரம் கும்பினிக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. சீனப் பொருளுக்கு இந்த ஜங்குகளைத்தான் நம்பியிருந்தது. 1718இல் தேயிலையின் விலையை அடாவடியாகக் குறைத்தபோது ஜங்க் வருவது நின்றே போயிற்று. பேரரசரின் கடல்வணிகத் தடையும் சேர்ந்துகொள்ள, 1722 வரை பத்தாவியா வறண்டு கிடந்தது. யாருக்கு யார் தேவை என்பது அப்போது வெட்டவெளிச்சமானது.

வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே. பாலித் தீவுப் பெண்களை, பெரும்பாலும் அடிமைகளாக விற்கப்பட்டவர்களை, மணந்து குடும்பமானார்கள். காப்பித்தான் சிக்குவா 1666இல் இறந்தபோது அவருடைய பாலி மனைவியே அந்தப் பொறுப்பை ஏற்று 1678 வரை நடத்தினார். டச்சு நகரமொன்றில் சீனச் சமூகத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு பாலிப் பெண். ஐரோப்பிய சரித்திரத்தில் இவருக்கு ஒரு வரி கிடைப்பதே அபூர்வம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. “சீனர்கள்தான் நகரத்தைக் கட்டினார்கள்” என்று முழக்கமாகச் சொன்னால் அதுவும் பொய். 1673ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். மொத்தம் 27,068 பேர். ஐரோப்பியர் 2,024, சீனர் 2,747. அடிமைகள் 13,278 பேர், ஏறத்தாழப் பாதி. மர்தைக்கர் எனப்படும் விடுதலையான அடிமைகளும் அவர்கள் வழிவந்தவர்களும் 5,362. இந்த இரண்டு கூட்டத்திலும் நம்முடைய சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்கள் ஏராளம். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியது துணி வாங்க மட்டுமில்லை. பஞ்ச காலங்களில் ஆட்களையும் வாங்கி ஏற்றினார்கள். பத்தாவியாவின் சுமை தூக்கியவர்களில் தமிழரும் தெலுங்கரும் உண்டு. பத்தில் ஒரு பங்கே இருந்த சீனர்கள் தனித்து நிற்பது எண்ணிக்கையால் அல்ல. தொழில், கடன், குத்தகை, கப்பல் ஆகிய நான்கும் அவர்கள் வழியாகச் சுழன்றதால். வசதியான சீனர்கள் அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி 1740. பாரசீகத்தில் சஃபாவி அரசு 1722இல் சரிந்ததும் சர்க்கரைக்கு அங்கே இருந்த சந்தை ஆடிப்போனது. மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரை ஐரோப்பாவை நிரப்பியது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. வேலையிழந்த சீனர்கள் நகருக்கு வெளியே கூட்டம் கூட்டமாகத் திரிந்தார்கள். அப்போது நகருக்கு உள்ளும் புறமுமாகச் சீனர் தொகை சுமார் பதினையாயிரம். அனுமதிச் சீட்டு இல்லாதவர்களைப் பிடிப்பது, விட லஞ்சம் வாங்குவது என்று கும்பினி அதிகாரிகளுக்கு நல்ல அறுவடை. 1740 ஜூலை 25இல் ஒரு தீர்மானம்: சந்தேகத்துக்குரிய சீனர்களைப் பிடித்து இலங்கைக்கு நாடுகடத்திக் கறுவாத் தோட்டங்களில் வேலைக்கு விடுவது. இலங்கையில் ஆளுநராக இருந்துவிட்டு வந்த வான் இம்ஹோப் அப்போது பத்தாவியாவின் ஆலோசனைச் சபையில் இருந்தார். கப்பல் கரை மறைந்ததும் ஆட்களைக் கடலில் தள்ளிவிடுகிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. ஆலைக்காரர்கள் ஆயுதம் எடுத்தார்கள். அக்டோபர் தொடக்கத்தில் டச்சுச் சிப்பாய்கள் சுமார் ஐம்பது பேர் கொல்லப்பட்டார்கள்.

அக்டோபர் 9ஆம் தேதி சுவருக்குள் கொலை தொடங்கியது. வெளியே கலகம் செய்தவர்கள் வேறு, உள்ளே வீட்டில் கதவடைத்துக் கிடந்தவர்கள் வேறு. சிப்பாய்களும் மாலுமிகளும் அடிமைகளும் வீடு வீடாகப் புகுந்தார்கள். குத்தகை வரியில் சேர்ந்த கசப்பு இங்கே எண்ணெயாயிற்று. மருத்துவமனையில் படுத்திருந்தவர்களையும் சிறையில் இருந்தவர்களையும்கூட விடவில்லை. இரண்டு வாரத்தில் இறந்தவர்கள் பத்தாயிரம் வரை என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. அப்போதைய காப்பித்தான் நி ஹூ கோங் கலகத்துக்குத் துணைபோனார் என்று குற்றம் சாட்டப்பட்டு அம்போன் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார், அங்கேயே இறந்தார். கவர்னர் ஜெனரல் வால்கெனியர் நாடு திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையில் கைதாகிப் பத்தாவியாச் சிறையில் 1751இல் இறந்தார். தப்பிய கலகக்காரர்கள் ஜாவா இளவரசர்களோடு சேர்ந்து 1743 வரை போர் நடத்தினார்கள். அந்தப் போரின் முடிவில் வடகரையை டச்சுக்காரர்கள் தம் பிடிக்குள் கொண்டுவந்தது தனிக்கதை.

கொலைக்குப் பின் எஞ்சிப் பதிவானவர்கள் 3,431 பேர். 1,442 வணிகர், 935 தோட்டக்காரர், 728 பேர் சர்க்கரை மற்றும் மரத்தொழில், 326 கைவினைஞர். இறந்தவர்கள் எந்தெந்த வேலையைத் தூக்கிச் சுமந்தார்கள் என்பது இந்தப் பிரிவிலிருந்தே தெரியும். அவர்கள் போனதும் சந்தையில் காய்கறி இல்லை, ஆலையில் ஆள் இல்லை. பின்னர் கவர்னர் ஜெனரலான வான் இம்ஹோப் செய்த முதல் வேலைகளில் ஒன்று சீனர்களை மறுபடி வரவழைப்பது. இம்முறை சுவருக்கு வெளியே, குளோடோக்கில்.

மணிலாவிலும் இதேதான், இன்னும் முன்னதாக. அங்கே 1580களில் பாரியான் என்ற சீனர் சந்தை எழுந்தது. மணிலாவின் முதல் பிஷப் சலசார் 1590இல் எழுதிய கடிதத்தில் ஒரு சம்பவம் வருகிறது. மெக்சிகோவிலிருந்து புத்தகம் பைண்டிங் செய்பவர் ஒருவர் கருவிகளோடு வந்து கடை போட்டார். ஒரு சீனர் அவரிடம் வேலைக்குச் சேர்ந்து, ஓசைப்படாமல் தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, தனிக்கடை போட்டார். கொஞ்ச நாளில் முதலாளி கடையை மூடும்படி ஆயிற்று. பிஷப்புக்கு அந்தச் சீனரின் வேலைத்திறத்தில் ஒரே வியப்பு. 1603இல் அதே நகரில் இருபதாயிரம் சீனர் வரை கொல்லப்பட்டார்கள். தைவானில் டச்சு ஆளுநராக இருந்த ஃபெர்பூர்க், இந்தத் தீவில் தேன் கொடுக்கும் தேனீக்கள் சீனர்கள் மட்டுமே என்று எழுதினார். அந்தத் தேனீக்களைக் கொண்டுவர உதவியவர்களில் நம் சோ பெங் கோங்கும் உண்டு. 1636இல் பத்தாவியாவை விட்டு அங்கே போய்ச் சில ஆண்டு இருந்து, திரும்பிவந்து 1644இல் இறந்தார்.

ஏன் பேசப்படுவதில்லை? கும்பினி ஆவணங்களில் சீனர்கள் இல்லாமல் இல்லை, பக்கத்துக்குப் பக்கம் வருகிறார்கள். ஆனால் வரி கட்டியவராக, குத்தகை எடுத்தவராக, சந்தேகத்துக்குரியவராக மட்டும். நகர நிறுவனர் என்ற நாற்காலி கூனுக்குப் போய்விட்டது. சொந்த நாடும் அவர்களைக் கைவிட்டது. 1740 செய்தி பீக்கிங் போனபோது, மூதாதையரின் கல்லறைகளை விட்டுவிட்டு ஆணையை மீறி வெளிநாட்டில் தங்கியவர்கள் என்பதே அரசவையின் மனநிலை. பழிவாங்கலும் இல்லை, வியாபாரத்தை நிறுத்தவும் இல்லை. விடுதலைக்குப் பிந்தைய இந்தோனேசியாவில் அவர்கள் காலனியாதிக்கத்தின் கையாட்களாகப் பார்க்கப்பட்டார்கள். சுகார்த்தோ ஆட்சியில் சீனப் பள்ளிகளும் பொதுவெளியில் சீன விழாக்களும் தடைசெய்யப்பட்டன. விழாக்களைத் தடுத்து 1967இல் வந்த ஆணையை 2000இல்தான் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் நீக்கினார். முப்பது ஆண்டு வாயை மூடி வைத்த சமூகத்திடம் உள்ளூர் வரலாறு எப்படி வளரும்? எனக்கு இதுதான் பெரிய காரணமாகப் படுகிறது. ஐரோப்பியரின் ஓரவஞ்சனை என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

தடயம் கேட்டீர்கள். ஜகார்த்தாவில் காஜா மாடா சாலைக்கும் ஹயாம் வுருக் சாலைக்கும் நடுவே ஓடும் கால்வாய்தான் புவா பெங் கான் வெட்டியது. இருபுறமும் பஸ்ஸும் காரும் நெருக்கும். சோ பெங் கோங்கின் கல்லறை பாங்கேரான் ஜயகார்த்தா சாலையருகே ஒரு சந்துக்குள் வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. விசாரித்துத்தான் போக வேண்டும். குளோடோக் இன்றும் சீனர் வட்டாரம்தான். ஆவணம் தேடுகிறவர்களுக்கு இன்னும் நல்ல செய்தி: பத்தாவியாச் சீனர் மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்புகள், திருமணப் பதிவுகள், இடுகாட்டுக் கணக்குகள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கிடைக்கின்றன. அவை இப்போது ஹாலந்தில் லெய்டன் பல்கலைக்கழகத்தில் உள்ளன. கடன் தகராறு, மணவிலக்கு, ஏமாற்றிய கூட்டாளி என்று சாதாரண ஆட்களின் வழக்குகள், சீன எழுத்தில், இடையிடையே மலாய்ச் சொற்கள் கலந்து. காப்பித்தான்களைத் தாண்டி, கொப்பரை கிண்டியவனையும் தோட்டம் போட்டவனையும் பெயரோடு பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் தொடங்க வேண்டும்.